பூக்காத ரோஜாவுக்கு ஒட்டுக்குக் கீழே பாருங்கள்!

நர்சரியில் பூத்துக் குலுங்கிய ரோஜா, வீட்டுக்கு வந்த சில மாதங்களில் பூப்பதை நிறுத்திவிடும். இதற்கு முக்கியக் காரணம், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுத்தளிர். சத்தை அதுவே இழுத்துக்கொள்ள, நல்ல ரகம் நலிந்துவிடும். மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். மேலாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். நடும்போதே ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும்.

பூஜைக்கும் தலையில் சூடவும் பன்னீர் ரோஜா, ஆந்திரா சிவப்பு ரோஜா போதும். குச்சி நட்டே வளர்க்கலாம் என்பதால் ஒட்டுத் தொல்லை இல்லை.

நாளொன்றுக்கு 6 மணி நேர வெயில், நீர் தேங்காத மண், மட்கிய தொழுவுரம் அவசியம். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் நுனிக்கருகல் அண்டாது. சுமார் ஒன்றரை மாதத்தில் பூ பறிக்கலாம்.