பெயர் மாறியது, கேட்கும் வார்த்தை மாறவில்லை

மளிகைக் கடை முகப்பில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை நாம் சில்லறைச் சரக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள், அவற்றோடு சிவப்பழகு கிரீம். ஆனால் இந்தக் கடைசிச் சரக்கு மற்றவற்றைப் போன்றதல்ல. ஊறுகாய் வாங்க வருபவரின் முகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிரீம் வாங்க வரும் பெண்ணிடம்தான், கேட்டும் கேட்காமலும், நிறத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது.

இந்த வியாபாரத்தின் கதை நீண்டது. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-ல் சந்தைக்கு வந்தது. அதன் வெற்றியைப் பார்த்துப் பல நிறுவனங்கள் இறங்கின. நம் கடலூரில் 'சிக்' ஷாம்பு பாக்கெட்டுடன் தொடங்கி வளர்ந்த கவின்கேர், 1998-ல் குங்குமப்பூவையும் பாலையும் சொல்லி 'ஃபேர்எவர்' கொண்டுவந்தது. பெண்களோடு நிற்கவில்லை, 2005-ல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென்றே 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வெளியிட்டது. காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு ஷாம்பு பாக்கெட் இலவசம் என்ற 'சிக்' திட்டத்தை மூத்த வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். பாக்கெட் வியாபாரத்தின் சூட்சுமத்தை நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது நம் பக்கம்தான் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அதே பாக்கெட்தான் சிவப்பழகு கிரீமையும் குக்கிராமம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

விளம்பரங்கள் செய்த வேலை பெரிது. கறுப்பான பெண்ணுக்கு வேலை இல்லை, வரன் இல்லை, வீட்டில் மதிப்பில்லை. கிரீம் பூசியதும் எல்லாம் வந்துவிடும். ஏறக்குறைய எல்லா விளம்பரமும் இந்த ஒரே கதைதான். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துக் கிளம்பியபின், 2003-ல் சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2009-ல் சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்த பிறகு நாடெங்கும் அது பேசப்பட்டது. கறுத்த நிறமுள்ளவர்களை அழகற்றவர்களாகவோ, வேலையிலும் திருமணத்திலும் தோற்பவர்களாகவோ காட்டக்கூடாது என்று 2014-ல் விளம்பரத் தர நிர்ணயக் குழு விதி வகுத்தது.

பிறகு 2020 வந்தது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்ததும் எழுந்த கொந்தளிப்பு அழகுசாதன நிறுவனங்களையும் தொட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் வெளுப்பு கிரீம்களை நிறுத்தியது. திருமணத் தகவல் நிறுவனமான ஷாதி டாட் காம், வரன் தேடும்போது நிறத்தைக் குறிக்கும் வசதியை நீக்கியது. ஜூலையில் 'ஃபேர் அண்ட் லவ்லி', 'குளோ அண்ட் லவ்லி' ஆனது.

அட்டையில் எழுத்து மாறியது. ஆனால் கடைக்கு வருபவர்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். "பொண்ணு பார்க்க வர்றாங்க அண்ணே, சீக்கிரம் கலர் குடுக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்கும் தாயை நம்மில் அறியாதவர் யார்? அதற்கு நம்மில் சிலர் சொல்லும் பதிலும் தெரிந்ததே: "இதைப் போடும்மா, நாலு வாரத்துல ஆளே மாறிடுவே." இன்று எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் சொல்லத் தயங்கும் வாக்கை நாம் கல்லாவில் உட்கார்ந்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்ட சரக்கைக் கொடுப்பது வியாபாரம். கேட்காத பெண்ணிடம் அவள் நிறத்தில் குறை சொல்லி விற்பது வியாபாரம் ஆகாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பென்சில் வாங்க வந்த இடத்தில் இதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினால், அது அந்தப் பிள்ளையின் மனத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

பேச்சைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. பெரிய கம்பெனிச் சரக்கு சீக்கிரம் 'கலர்' கொடுக்காதபோது, கொடுக்கும் என்று சொல்லிப் பெயர் தெரியாத டப்பாக்கள் வருகின்றன. லாபம் கூடுதல், பில் கிடையாது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது அந்த நோயிலேயே அபூர்வமான ஒரு பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். காரணம் கிரீமில் இருந்த பாதரசம். பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால் முகம் சட்டென்று வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி முகப்பூச்சு கிரீம்களில் பாதரசம் சேர்க்கக்கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. ஆகவே கொள்முதலின்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் தேவை. இவை இல்லாத டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இறக்காதீர்கள்.

மருந்துக் களிம்பு டியூப்களையும் சில மளிகைக் கடைகளில் காண்கிறோம். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. மாதக்கணக்கில் பூசினால் முகத்தோல் மெலிந்து சிவந்துவிடும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. மருந்துக் கடை உரிமம் இல்லாத நாம் அவற்றைத் தொடவே கூடாது. அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் சப்ளை செய்தவர் மட்டுமல்ல, நாமும்தான்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட டப்பாக்கள் விற்றிருந்தால், வாங்கிய வாடிக்கையாளரிடம் பூசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கால், முகம் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். கோட்டக்கல் நோயாளிகளில் பெரும்பாலோர் கிரீமை நிறுத்திய பிறகு தேறினார்கள்.