அம்பாசிடரின் பின் கண்ணாடியைக் கழற்றுவது எப்படி?

மழை பெய்த மறுநாள் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி தண்ணியில உட்கார்ந்திருக்கா? முதலில் டிக்கி ரப்பரைச் சந்தேகப்படுங்கள். அது நல்லா இருந்தா, அடுத்த சந்தேகம் பின் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் பீடிங். திண்டுக்கல்லில் என் மாமா வைத்திருக்கும் அம்பாசிடரில் குற்றவாளி இந்த இரண்டாவது ஆள்தான். ரப்பர் வெயிலில் காய்ந்து, கருவாடு மாதிரி விறைத்து, அங்கங்கே வெடித்திருந்தது. "இஞ்சினியரிங் படிக்கிற, ஒரு கண்ணாடி கழட்டத் தெரியாதா மாப்ள?" என்று மாமா கேட்டார். தெரியாதுதான். ஆனா அப்படிச் சொல்ல முடியுமா?

பயம் எதுக்குன்னா, அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. கண்ணாடி உடைந்தால் ஷோரூமில் போய் வாங்க முடியாது, பழைய சாமான் கடைகளில்தான் அலையணும்.

வேலையைத் தொடும் முன் உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். கண்ணாடியைச் சுற்றித் தடிமனான ரப்பர் வளையம் தெரிந்து, அதன் உதட்டை நகத்தால் தூக்க முடிந்தால் அது பீடிங் வகை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி எல்லாம் இதுதான். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை அச்சடித்திருந்து, கண்ணாடி பாடியோடு சமமாக ஒட்டியிருந்தால் அது பாலியூரிதேன் பசை போட்டு ஒட்டியது. இன்றைய கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். அந்தக் கறுப்புப் பட்டை அழகுக்கு இல்லை, பசை மேல் வெயில் படாமல் காக்கத்தான். பசையைக் கம்பியால் அறுத்து எடுக்கணும். திரும்ப ஒட்டும்போது பிரைமர், பசை காயும் நேரம் என்று ஏகப்பட்ட கணக்கு உண்டு. அதை வீட்டில் செய்யாதீங்க, கடைக்குக் கொண்டு போங்க. இனி நான் சொல்வது எல்லாம் பீடிங் வகைக்கு மட்டும்.

கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரையையும் படியுங்கள். டெம்பர்டு அல்லது டஃபண்ட் என்று இருக்கும். கண்ணாடியைச் சுமார் 620 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, உடனே இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கும். ஆக, வெளித்தோல் எப்போதும் அமுக்கத்தில், நடுப்பகுதி எப்போதும் இழுவிசையில். இரண்டு பக்கமும் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு இந்த அமுக்க அடுக்கு இருக்கும். விரிசல் அதைத் தாண்டி நடுவுக்குப் போய்விட்டால், உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல் மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறி, கண்ணாடி முழுவதும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டுச் செய்யும் பிரின்ஸ் ரூபர்ட் துளி வீடியோவைப் பார்த்திருப்பீங்க. தலையில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும், வாலைக் கிள்ளினால் தூள். அதே கதைதான் இது. நம்ம கண்ணாடிக்கு அந்த வால் அதன் ஓரம்.

இதை செமஸ்டரில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். அப்படியிருந்தும் அன்று முதலில் கையில் எடுத்தது ஃபிளாட் ஸ்குரூடிரைவரை! மாமாவின் நண்பர், டிங்கர் வேலை பார்க்கும் அண்ணன், என் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, நடுவுல தட்டுனாக்கூட சில நேரம் தாங்கும். ஓரத்துல இரும்பு பட்டுச்சு, பொலபொலன்னு கொட்டிரும்." நான் இரண்டு பக்கம் எழுதிய பதிலை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

ஆகவே கருவிகள்: மழுங்கிய மரக்கரண்டிக் காம்பு அல்லது பிளாஸ்டிக் பட்டை, ஷாம்பு கலந்த தண்ணி, தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கீழே விரிக்க ஒரு மெத்தை, வெளியே நிற்க ஓர் ஆள். அந்த ஆள் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். பெட்ரோல், கிரீஸ் எதையும் ரப்பரில் தடவாதீங்க, ஊறி உப்பிவிடும்.

பீடிங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். ஒரு பள்ளத்தில் கண்ணாடி, எதிர்ப் பள்ளத்தில் பாடித் தகட்டின் விளிம்பு. இப்போ நீங்க எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: பழைய ரப்பர் திரும்ப வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் வேலை பாதி முடிந்தது. வெளிப்பக்க உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்து எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து மெதுவாகத் தள்ளினால் கண்ணாடி வந்துவிடும். கத்தி முனை கண்ணாடிப் பக்கம் சாயாமல் பாருங்கள். ஆனா புது பீடிங் கைக்கு வந்து, அளவு சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுக்கணும். எங்களுக்குப் புதுசு கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும் போலிருந்தது, அதனால் பழையதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தோம்.

வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினோம், ரப்பர் இளகட்டும் என்று. பிறகு உள்ளேயும் வெளியேயும் உதட்டுக்கு அடியில் ஷாம்பு தண்ணியை விட்டு, மரக்காம்பை ஓட்டி ஒட்டலை விடுவித்தோம். பின்சீட்டில் ஏறி, மேல் மூலையில் உள் உதட்டைத் தகட்டு விளிம்புக்கு மேலே தூக்கி, அந்த இடத்திலேயே உள்ளங்கையால் அழுத்தணும். கொஞ்சம் வெளியே போனதும் ஒரு சாண் தள்ளி அடுத்த இடம். வீடியோக்களில் காலால் உதைக்கிறார்கள். எனக்கு அந்த தைரியம் வரவில்லை. மேல் விளிம்பு முழுக்க வெளியே வந்ததும், ரப்பரோடு சேர்த்தே கண்ணாடி வெளியே நிற்பவர் கையில் சாய்ந்துவிடும். அதை மெத்தை மேல் படுக்க வையுங்கள். சிமெண்ட் தரையில் ஓரம் படும்படி நிறுத்தவே கூடாது. டீஃபாகர் கோடுகள் உள்ள கார் என்றால் தள்ளும் முன்பே இரண்டு பக்க வயர்களைக் கழற்றணும். வயரை இழுக்காமல், கனெக்டரைப் பிடித்துக் கழற்றுங்கள், இல்லேன்னா கண்ணாடியில் பற்றவைத்த முனையே பெயர்ந்து வந்துவிடும்.

எங்களுக்கு உண்மையான அதிர்ச்சி அதுக்கப்புறம்தான். கீழ் விளிம்பில் ஒரு முழ நீளத்துக்குத் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அது உப்பி ரப்பரைத் தூக்க, இன்னும் தண்ணி இறங்க, இன்னும் துரு. புது பீடிங் மட்டும் மாட்டியிருந்தால் அடுத்த மழையிலேயே பழைய கதைதான். ஓட்டையான இடத்தில் டிங்கர் அண்ணன் தகடு வைத்துப் பற்றவைத்தார். கண்ணாடி வெளியே இருந்ததால்தான் அந்தத் தீப்பொறிக்குத் தப்பியது. நான் கம்பி பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்ஸைடு, பெயிண்ட். எல்லாம் காய இரண்டு நாள். பழைய ரப்பரும் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது, கடைசியில் புதுசுக்கே காத்திருந்தோம்.

மாட்டுவதற்கு ஒரு கயிறு போதும். பீடிங்கை முதலில் கண்ணாடியில் பொருத்துங்கள். தகட்டுக்கான பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் வைத்து, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி, காருக்கு உள்ளே தொங்கும்படி விடுங்கள். ஷாம்பு தண்ணி தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, நீங்கள் உள்ளேயிருந்து கயிற்றைக் கண்ணாடியின் நடுப்பக்கமாக மெதுவாக இழுங்கள். கயிறு வர வர, உள் உதடு தகட்டைத் தாண்டி மடிந்து உட்காரும். அழுத்துபவரின் கையும் கயிறும் ஒரே இடத்தில் நகரணும். நாங்கள் அவசரப்பட்டதில் வலது மூலையில் உதடு உள்ளே மாட்டிக்கொண்டது, மறுபடி முதலிலிருந்து.

ஓஸில் தண்ணி பீய்ச்சிப் பார்த்தபோது இடது கீழ் மூலையில் ஒரு சொட்டு வந்தது. உதட்டைத் தூக்கி சீலண்ட் விட்டோம். மாமா டிக்கியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். அடுத்த மழைக்கு ஹாஸ்டலுக்கு போன். "பேப்பர் காஞ்சு கெடக்கு மாப்ள. ஆனா முன்னால காலை வைக்கிற இடத்துல ஈரம்." முன் கண்ணாடி பீடிங். அந்தக் கண்ணாடி லேமினேட்டட், நடுவில் பிளாஸ்டிக் படலம் உள்ளது. உள்ளேயிருந்து தள்ளினால் வளைந்து விரிசல் விடும், ரப்பரை அறுத்துத்தான் எடுக்கணும். தீபாவளி லீவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.