கரையில் காத்திருக்கும் செவி



வானொலி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பேசுகின்ற குரலே. ஒலிபரப்பும் நிலையத்தையும், வானளாவிய கம்பத்தையும், பேசுபவரின் ஆற்றலையும் கண்டு வியக்கிறோம். கேட்பவரை எவரும் வியப்பதில்லை. ஆயினும் கேட்பவர் இல்லாத இடத்தில் பேச்சு இல்லை; ஓசை மட்டுமே உண்டு. வீட்டில் அமர்ந்து பாட்டும் செய்தியும் கேட்கும்போது இவ்வுண்மை பெரிதாகத் தோன்றுவதில்லை. நடுக்கடலிலோ உயிர் நிற்பதும் போவதும் இதைப் பொறுத்தே அமைகின்றன.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதிய வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். அக்கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. அதை இயக்கியவர்களும் இறுதிவரை கடமை தவறாதவர்கள். அதற்கு அண்மையில் இருந்த 'கலிபோர்னியன்' என்னும் கப்பலிலும் அத்தகைய கருவி இருந்தது. ஆனால் அதனைக் கவனித்தவர் ஒருவரே. நாள் முழுதும் உழைத்த அவர், மோதல் நிகழ்வதற்குச் சிறிது நேரம் முன்னர்க் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அவர்மீது பழி கூற இடமில்லை. இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்னும் விதி அன்று இல்லை. நெடுந்தொலைவில் சென்றுகொண்டிருந்த 'கார்பேதியா' கப்பலின் தந்தியாளர் ஹரால்டு காட்டம் என்பவரோ, படுக்கப் போகும் வேளையிலும் காதுக் கருவியைக் கழற்றாதிருந்தார். அதனால் 700-க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர்.

இந்நிகழ்ச்சியால் உலகம் விழிப்புற்றது. 1914-ஆம் ஆண்டு நாடுகள் லண்டன் நகரில் கூடி, பெரிய கப்பல்களில் இரவும் பகலும் கருவியருகே ஆள் இருக்க வேண்டும் என உடன்படிக்கை செய்தன. பெரிய கப்பல்களுக்கு இவ்வாறு சட்டம் காவலாயிற்று. ஐந்து மீட்டர் நீளமுள்ள சிறு படகில், விடுமுறை நாளொன்றில், தூண்டிலும் கையுமாகக் கடலுக்குள் செல்லும் ஒரு குடும்பத்துக்கு யார் காவல்? இவ்வினாவுக்கு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையில் வாழும் மக்கள் கண்ட விடையே இன்று நான் உரைக்க வந்த பொருள்.

சிட்னி நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவில் நரூமா என்னும் சிற்றூர் இருக்கிறது. ஓய்வு பெற்ற பின்னர் என் மகன் குடும்பத்தாருடன் அவ்வூரில் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒரு பக்கம் வகோங்கா என்னும் உப்பங்கழி. மறுபக்கம் நீலக் கடல். கரைக்கு ஒன்பது கிலோமீட்டர் அப்பால் மாண்டேக் தீவு தெரிகிறது. 1881-ஆம் ஆண்டு முதல் அங்கே கலங்கரை விளக்கம் ஒன்று எரிகிறது. தீவின் கடல்நாய்களையும் பென்குயின் பறவைகளையும் காணவும், மீன் பிடிக்கவும் கோடைக்காலத்தில் மக்கள் திரண்டு வருகிறார்கள். அந்நாட்டுக் கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதை நினைவிற் கொள்க.

கழியிலிருந்து கடலுக்குச் செல்ல ஒரே வழி முகத்துவாரம். அங்கே நீருக்கடியில் மணல் திட்டு உண்டு. கடல் வற்றும் வேளையில் கழியின் நீர் விரைந்து வெளியேறும். கடலிலிருந்து வரும் அலை அந்நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். எதிர்நீரில் புகுந்த அலையின் நீளம் சுருங்கி, உயரம் மிகும்; மணல் திட்டு ஆழத்தைக் குறைப்பதால் அது தலைகுப்புற உடையும். காலையில் குளம்போற் கிடந்த முகத்துவாரம் நண்பகலில் படகைப் புரட்டிவிடக் கூடும். ஊரார் இதனை நன்கு அறிவர். விடுமுறைக்கு வந்தவரோ கடலை அறியார்; போதாக்குறைக்கு, ஊர் திரும்புமுன் ஒரு முறையேனும் கடலுக்குச் சென்றுவிட வேண்டும் என்னும் அவசரமும் அவருக்கு உண்டு. அறியாமையும் அவசரமும் சேர்ந்த இடத்தில் ஆபத்து தானே வந்து சேரும். ஆகவேதான் இத்தகைய முகத்துவாரங்களைக் கடக்கும்போது படகில் உள்ள அனைவரும் மிதவைச் சட்டை அணிந்தே தீரவேண்டும் என அம்மாநிலச் சட்டம் விதிக்கிறது.

ஆனால் சட்டம் கடலுக்குள் வந்து கை கொடுக்காது. கை கொடுப்பவர்கள் தொண்டர்கள். ஆஸ்திரேலியாவில் கடலோரக் காவல் தொண்டு 1937-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 1961-ஆம் ஆண்டு மற்றொரு தொண்டர் படை தோன்றியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தனித்தனியே இயங்கிய இத்தகைய அமைப்புகள் 2009-ஆம் ஆண்டு ஒன்றிணைந்து 'மரைன் ரெஸ்க்யூ' என்னும் ஒரே அமைப்பாயின. நரூமாவிலும் அதன் கிளை உண்டு. இதில் பணிபுரிபவர்கள் சம்பளம் பெறுவதில்லை. படகில் ஏறி மீட்கச் செல்பவரும், கரையில் அமர்ந்து வானொலி கேட்பவரும் தொண்டர்களே. அவர்களுள் என்னைப்போல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் பலர் உளர். முதுமையில் உடல் வலிமை குறைகிறது, பொறுமை குறைவதில்லை. கேட்கும் தொழிலுக்கு வேண்டுவது அதுவே.

அவர்களுடைய பணியின் உயிர்நாடி ஓர் எளிய வழக்கம். படகோட்டி புறப்படும்போது வானொலியில் நிலையத்தை அழைத்து, படகின் பெயர், அதில் உள்ளோர் எண்ணிக்கை, செல்லும் இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றைத் தெரிவிக்கிறார். தொண்டர் அவற்றைக் குறித்துக்கொள்கிறார். திரும்பியதும் 'வந்துவிட்டோம்' என்று சொல்லிப் பதிவை முடிக்க வேண்டும். இப்போது கைப்பேசிச் செயலி வாயிலாகவும் பதிவு செய்யலாம்.

இதன் சிறப்பை ஆசிரியன் என்ற முறையில் நான் எளிதில் உணர்ந்தேன். வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது, நாற்பது பேர் 'உள்ளேன் ஐயா' என்று சொல்வது ஆசிரியருக்குச் செய்தியன்று. ஒரு பெயரைப் படித்ததும் எவரும் பேசாதிருந்தால் அதுவே செய்தி. பதிவேடு இல்லாத வகுப்பில் ஒரு மாணவன் வராததை மாலை வரை எவரும் அறியமாட்டார்கள். கடலும் அத்தகையதே. பதிவு செய்யாத படகு மூழ்கினால் அலை மட்டுமே அறியும். பதிவு செய்த படகு குறித்த நேரத்தில் பேசாவிட்டால் அம்மௌனமே அபயக் குரலாக ஒலிக்கிறது.

நேரம் கடந்ததும் தொண்டர் வானொலியில் அழைப்பார். விடை இல்லையேல் தொலைபேசியில் கூப்பிடுவார். பிறகு, படகு இறக்கும் துறையில் அப்படகோட்டியின் காரும், படகு ஏற்றும் வண்டியும் நிற்கின்றனவா என்று பார்க்கச் செய்வார். வண்டி நின்றால் படகு இன்னும் கடலில் இருக்கிறது என்பது பொருள். உடனே காவல் துறைக்குச் செய்தி செல்லும், தேடுதல் தொடங்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பத்திரமாகக் கரை சேர்ந்தும் அதனைச் சொல்ல மறந்த ஒருவருக்காக, இரவு வேளையில் தொண்டர்கள் முகத்துவாரத்தைக் கடந்து செல்ல நேரலாம். ஒருவரின் மறதிக்கு மற்றொருவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்.

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசியில் ஒருவரோடு மட்டுமே பேசுகிறோம். கடல் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அழைத்தால், எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு கப்பலும் படகும் நிலையமும் கேட்கும். கரையிலுள்ள மீட்புப் படகைவிட, அருகே மீன் பிடித்துக்கொண்டிருப்பவர் விரைவில் வந்து சேரலாம் அன்றோ?

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். ஆதலின் உயரமே அவற்றுக்குத் தொலைவைத் தருகிறது. ஓர் எளிய கணக்கு: வான்கம்பி கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளதோ, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் அது எட்டும் தொலைவு ஏறக்குறையக் கிலோமீட்டரில் கிடைக்கும். நான்கு மீட்டர் உயரமுள்ள வான்கம்பிக்கு 8 கிலோமீட்டர். நூறு மீட்டர்க் குன்றின்மேல் உள்ளதற்கு 40 கிலோமீட்டர். இரு சிறு படகுகள் தமக்குள் 16 கிலோமீட்டர் வரையிலும், படகும் குன்றின்மேல் நிலையமும் 48 கிலோமீட்டர் வரையிலும் பேசிக்கொள்ளலாம். கரை நிலையங்கள் உயர்ந்த இடத்தை நாடுவதன் காரணம் இதுவே.

ஆபத்தில் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. உயிருக்கு இடர் நேர்ந்தால் 'மேடே' என்று மும்முறை கூற வேண்டும். 'எனக்கு உதவுங்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் ஒலியைத் தழுவிய இச்சொல், 1927-ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கையில் உலகப் பொது வழக்காயிற்று. அடுத்துப் படகின் பெயர், உடனே இருக்குமிடம், அதன் பின்னரே நேர்ந்த இடர், வேண்டிய உதவி, உள்ளோர் எண்ணிக்கை. இடத்தை ஏன் முதலில் சொல்ல வேண்டும்? நீர் புகுந்து கருவி எந்த நொடியிலும் அணைந்துவிடலாம். துயரத்தை விரித்துரைத்து இடத்தைச் சொல்லாது விட்டால் கேட்டவருக்கு இரக்கம் பிறக்கும். வந்து காக்க வழி பிறக்காது. சொல்லி முடித்தவுடன் பொத்தானினின்று விரலை எடுத்துவிட வேண்டும். அதை அழுத்தியிருக்கும் வரை மறுமொழி காதில் விழாது.

நரூமாவின் கடல் வழியே ஆண்டுதோறும் சிட்னியிலிருந்து ஹோபார்ட் நகருக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடைபெறுகிறது. அதில் குறித்த நேரங்களில் ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லி அழைத்து இருப்பிடம் கேட்பது வழக்கம். 1998-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பிற்பகல் அழைப்பின்போது, 'ஸ்வார்ட் ஆஃப் ஓரியன்' என்னும் படகு, முன்னறிவிப்பைக் காட்டிலும் மிகக் கடுமையான காற்று தன்னைத் தாக்குவதாக எல்லோரும் கேட்க அறிவித்தது. போட்டியில் எதிரிக்குத் துப்புக் கொடுப்பார் உண்டோ? எனினும் அவர்கள் கொடுத்தனர். கேட்ட படகுகள் சில திரும்பிக் கரை சேர்ந்தன. அறிவித்த படகோ அலையில் புரண்டு, தன்னவருள் ஒருவரைக் கடலுக்குப் பறிகொடுத்தது. அப்போட்டியில் புறப்பட்டவை 115 படகுகள், முடித்தவை 44, மாண்டவர் அறுவர், கடலினின்று மீட்கப்பட்டவர் 55 பேர். வெற்றியைக் கருதாது பேசிய அக்குரலும், அதனைச் செவிமடுத்த அறிவும் இல்லையேல் இழப்பு இன்னும் மிகுந்திருக்கும் என்பது என் துணிபு.

இவற்றைக் கேட்கும்போது நம் கன்னியாகுமரிக் கரை என் மனக்கண்முன் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் அக்கரையருகே வீசியபோது, பல நாட்களுக்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றவர்களுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பதிலேயே அரசின் கணக்கும் ஊராரின் கணக்கும் வேறுபட்டன. மீனவ ஊர்களில் வீடு வீடாகப் பெயர்ப் பட்டியல் தொகுக்க நேர்ந்தது. விடுமுறைப் படகும் பிழைப்புக்குச் செல்லும் படகும் ஒன்றல்ல. முன்னது அலை மிகுந்தால் வீட்டில் இருந்துவிடலாம், பின்னதற்கு அவ்வுரிமை அரிது. ஆயினும், சென்றவர் யார், எங்கே, எப்போது திரும்புவார் என்று அறிந்த ஒருவர் கரையில் இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. செயற்கைக்கோள் வழியே இருதிசையும் செய்தி செல்லும் கருவிகள் நம் படகுகளில் பொருத்தப்பட்டு வருவதும், கடலோரக் காவற்படை 1554 என்னும் எண்ணில் அழைப்பை ஏற்பதும் அக்குறையைத் தீர்க்கும் முயற்சிகளே.

மாணவர்களே, உங்களுள் பலர் படகேற மாட்டீர்கள். ஆனால் ஆற்றுக்கும் மலைக்கும் கடற்கரைக்கும் நண்பர்களோடு செல்வீர்கள். செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லுங்கள். இடமோ நேரமோ மாறினால் தெரிவியுங்கள். சொல்லிச் செல்வது கோழைத்தனம் அன்று. நமக்காகக் காத்திருப்பவருக்கு நாம் செய்யும் மரியாதை. நம் முன்னோர் வீட்டை விட்டுப் புறப்படும்போது 'போகிறேன்' என்று சொல்லலாகாது என்றனர். 'போய் வருகிறேன்' என்று சொல்லப் பழக்கினர். போவதும் வருவதும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. நரூமாவின் தொண்டர் நாள் முழுதும் காத்திருந்து கேட்பதும் பெரும்பாலும் அவ்விரு செய்திகளையே. முதற் செய்தியை எல்லோரும் உற்சாகத்தோடு சொல்லுகிறோம். இரண்டாவதையும் மறவாமல் சொல்லுவோமாக.