சக்கரத்திற்கு ஒரு சேலைக் காவல்

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் அமைந்த ஊர் மேல்கோட்டை. திருநாராயணபுரம் என்று தமிழர் தொன்றுதொட்டு வழங்கிவரும் திருத்தலம் இதுவே. 12-ஆம் நூற்றாண்டில் இராமாநுசர் தமிழகத்தை விட்டு நீங்கி இங்கே பல்லாண்டு தங்கியிருந்தார். அவரைச் சார்ந்து குடியேறியோரின் மரபினராகத் தம்மைக் கருதும் மண்டயம் ஐயங்கார் குடும்பங்களில், கன்னடம் கலந்த ஒருவகைத் தமிழ் இன்றும் இல்லமொழியாக நிலவுகின்றது. பிழைப்பை நாடிக் கன்னட நாடு புகுந்த நமக்கெல்லாம் அவர்கள் மூத்த குடியேறிகள் எனலாம்.

கோயிலாலும் புளியோதரையாலும் புகழ்பெற்ற இவ்வூர் கைத்தறிக்கும் பெயர் பெற்றது. மேல்கோட்டை வேட்டியை அறியாதார் மைசூர்ச் சீமையில் சிலரே. 1960-ஆம் ஆண்டில் சுரேந்திர கௌலகி இங்கு நிறுவிய ஜனபத சேவா டிரஸ்ட், கதர் நெசவைப் பேணி வளர்த்தது. திருநாராயணனைத் தரிசித்துத் திரும்பும்போது கைத்தறித் துணி வாங்கிவரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மீட்டர் தடித்த துணி கூடுதலாக வாங்கி வாருங்கள். அதனைக் கொண்டு நம் பெண்மக்களின் மிதிவண்டிக்கு ஒரு காவல் தைக்கலாம்.

காவல் எதற்கு என்று கேட்கலாம். பாவாடையின் விளிம்போ, சேலைத் தலைப்போ, துப்பட்டாவின் நுனியோ காற்றில் பறந்து பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் பட்டால், சக்கரம் அதனை நொடிப்பொழுதில் சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். மேட்டூர்களின் இறக்கச் சாலையில் வண்டி மிதியாமலே விரையுமாதலால் ஆபத்து இன்னும் மிகுதி. நடன மேதை இசடோரா டங்கன் 1927-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் உயிர் துறந்தது, கழுத்தில் அணிந்த நீண்ட துகில் மோட்டார் வண்டியின் சக்கரத்தில் சிக்கியதால்தான். நம் நாட்டிலும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு இருத்தல் வேண்டும் என்று வகுத்துள்ளன. மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று. ஆதலின் அவ்விதி அதனைக் கட்டுப்படுத்தாது. அக்குறையை வீட்டாரே நிறைவு செய்துகொள்ள வேண்டும்.

இது சிறு காரியமாகத் தோன்றலாம், விளைவோ சிறிதன்று. ஒரு நாள் பாவாடை சிக்கிப் பெண் விழுந்தால், “இனி உனக்கு வண்டி வேண்டாம்” என்று வீட்டில் தடை பிறக்கின்றது. வண்டி நின்றால், தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் வழியும் குறுகிவிடுகின்றது. 1991-ஆம் ஆண்டை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, கிராமப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி பயின்றனர். பெண்களுக்குரிய வண்டி போதாமையால் ஆண்கள் வண்டியிலேயே ஏறிப் பழகியோர் பலர். கர்நாடக அரசும் 2006-07 முதல் எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு இலவச மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி கிடைத்த பின்னர், அதனை அச்சமின்றி ஓட்டச் செய்வது பெற்றோர் கடன் அன்றோ!

மேல்நாட்டில் இக்காவல் பழமையானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீண்ட பாவாடை உடுத்த மாதர்க்கென அமைத்த வண்டிகளில், மட்கார்டில் துளையிட்டு, அங்கிருந்து சக்கரத்தின் குடம் வரை நூற்கயிறுகளை நெருக்கமாகப் பின்னியிருந்தனர். ஹாலந்து நாட்டில் இன்றும் எத்தனையோ வண்டிகளின் பின்சக்கரம் இருபுறமும் மறைக்கப்பட்டிருக்கக் காணலாம்.

இனித் தைக்கும் முறையைக் கூறுவோம்.

வேண்டிய பொருள்கள்: தடித்த கைத்தறித் துணி ஒரு மீட்டர், உள்ளே வைத்துத் தைக்கக் கித்தான் அரை மீட்டர், விளிம்பு கட்ட நாடா, உறுதியான நூல், கட்டுவதற்கு மெல்லிய நைலான் கயிறு. கித்தானுக்கு ஈடாகப் பழைய பவானி ஜமக்காளமும் உதவும். கன்னடக் கடைக்காரரிடம் துணியைப் ‘பட்டெ’ என்றும், நூலைத் ‘தார’ என்றும், ஊசியைச் ‘சூஜி’ என்றும் கேட்டால் எளிதில் கிடைக்கும்.

துணியையும் கித்தானையும் முதலில் நீரில் ஊறவைத்து உலர்த்துக. இன்றேல் தைத்தபின் சுருங்கிக் கோணிவிடும். அடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, செய்தித்தாளைப் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் பிடித்து மாதிரி வரைக. இருக்கையிலிருந்து அச்சுக்கு இறங்கும் சட்டக்கம்பி முன் எல்லை. மட்கார்டைத் தாங்கும் கம்பி பின் எல்லை. மட்கார்டின் வளைவு மேல் எல்லை. கீழே அச்சுக்கு 5 சென்டிமீட்டர் மேலேயே நிறுத்திவிட வேண்டும். சங்கிலி ஓடும் பக்கத்தில் பற்சக்கரம் இருப்பதால் இன்னும் சிறிது உயர்த்துக. மாதிரி விசிறி வடிவாக அமையும். 28 அங்குலச் சக்கரமாயின் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரும், மேல்வளைவு ஏறத்தாழ 55 சென்டிமீட்டரும் வரும். எனினும் வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலால் தம் வண்டியை அளந்தே வெட்டுக.

சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டி, துணியில் நான்கும் கித்தானில் இரண்டுமாக வெட்டுக. ஒவ்வொரு பக்கத்திற்கும் இரு துணிகளுக்கிடையே ஒரு கித்தான் வைத்து, கூட்டிய விளிம்பை உள்மடித்துச் சுற்றித் தைத்து, நாடாவால் ஓரம் கட்டுக. தையற்பொறியில் தைப்போர் 18-ஆம் எண் ஊசி இடுக. கையால் தைப்போர் பின்தையல் இடுக. குறுக்கும் நெடுக்குமாக ஓரிரு தையல் ஓட்டினால் துணி தொய்யாது. விளிம்பு நெடுக ஒரு சாண் இடைவெளியில் பித்தளைக் கண்கள் பொருத்த வேண்டும். பை தைக்கும் கடைகளில் அடித்துத் தருவர்.

கட்டும்போதே கவனம் மிக வேண்டும். துணி, கம்பிகளின் வெளிப்புறமாக அமைந்து, ஆரக்கம்பிகளுக்கு ஒரு விரற்கடையேனும் விலகி நிற்றல் வேண்டும். கயிற்றை இறுக முடிந்து, எஞ்சிய நுனியைக் கத்தரித்துவிடுக. தொங்கும் நுனி தானே சக்கரத்தில் சிக்குமாயின், வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். பிரேக் கம்பியையும் சங்கிலியையும் துணி தொடலாகாது. பின்னர்ச் சக்கரத்தைக் கையால் சுழற்றிச் செவி கொடுத்துக் கேளுங்கள். உரசும் ஒலி சிறிதும் இல்லையேல் வேலை நன்றாயிற்று. வாரம் ஒருமுறை முடிச்சுகளைச் சோதித்து இறுக்குவதும், மாதம் ஒருமுறை அவிழ்த்துத் துவைப்பதும் போதும்.

ஒன்றை மட்டும் மறவாதீர். துணிக்காவல் ஆடையைக் காக்கும். பின்னால் அமரும் குழந்தையின் காலைக் காக்க அது மட்டும் போதாது. ஆரக்கம்பிகளுக்கிடையே சிறு பாதம் நுழைந்தால் எலும்பே முறியக்கூடும். குழந்தையை ஏற்றிச் செல்வோர் இரும்புக் காப்பும் காலூன்றிக் கட்டையும் கட்டாயம் பொருத்துக. துப்பட்டா அணிவோர் அதனை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறும் வழக்கத்தையும் கைவிட வேண்டாம்.

மூவேளைச் சமையலுக்கும் அலுவலுக்கும் இடையே ஓய்வு அரிது என்பதை அறிவோம். ஆயினும் ஒரு விடுமுறை நாளில் தாயும் மகளும் சேர்ந்து அமர்ந்தால் இக்காவலைத் தைத்து முடிக்கலாம். வண்டி ஓட்டும் பெண்ணே அளவெடுத்துத் தைத்தால், அவள் வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிவாள். பழுதுகளையும் தானே முன்கூட்டிக் காண்பாள். மகளின் ஆடையைக் குறை கூறுவதையும், அவள் வண்டியைப் பூட்டி வைப்பதையும் விடுத்து, சக்கரத்திற்கு ஒரு திரையிடுவோமாக. ஊர்விட்டு ஊர் வந்து நாம் படும் பாடெல்லாம், மக்கள் நம்மினும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்பதற்காகத்தானே!