உடம்புக்கும் ஞாபகம் உண்டு

பயத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம், கவனித்திருக்கிறீர்களா? "அடிவயிற்றைக் கலக்கிவிட்டது" என்கிறோம். "குலை நடுங்கிப் போயிற்று" என்கிறோம். பயம் குடியேறும் இடம் உடம்பு என்பதை நம் பாட்டிமார் எப்போதோ கண்டுகொண்டார்கள். வைத்திய சாஸ்திரமும் இப்போது அதை ஒப்புக்கொள்கிறது.

விபத்து, அடி உதை, பலாத்காரம் இவற்றில் சிக்கித் தப்பிய சிலருக்கு வருஷக்கணக்கானாலும் சிறு சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. ஆபத்து போன பிறகும் உடம்பு தன் காவலை விடுவதில்லை. "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு" என்று சுற்றத்தார் சொல்வது காதில் விழும். படபடக்கும் நெஞ்சுக்கு எட்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் டாக்டர் பெஸ்ஸல் வான் டெர் கோல்க். ஹாலந்தில் பிறந்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மனநோய் வைத்தியம் செய்தவர். அவரும் சகாக்களும் பரீட்சித்துப் பார்த்த மருந்து என்ன தெரியுமா? நம் நாட்டு யோகாசனம்தான்!

பிற சிகிச்சைகளால் குணமாகாத 64 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் யோகாசனம். மற்றதற்குப் பெண்கள் ஆரோக்கியம் பற்றிய வகுப்பு. பத்தே வாரங்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று. யோகாசனப் பிரிவில் 31 பேரில் 16 பேரை இனி நோயாளி என்று சொல்வதற்கில்லை. மற்றதில் 29 பேரில் 6 பேர்தான் அப்படித் தேறியிருந்தார்கள்.

இத்தகையவர்களுக்கென்றே வகுத்த யோகாசன வகுப்பில் அதட்டல் கிடையாது. "கையைத் தூக்கு" என்ற கட்டளை இல்லை. "இஷ்டமிருந்தால் தூக்கிப் பாருங்கள்" என்பார்கள். ஆசிரியை தொட்டுத் திருத்துவதுமில்லை. தன் உடம்பு தன் வசமில்லாமல் போனதுதானே அவர்களுடைய துன்பத்துக்கு வித்து? அந்த உரிமையை முதலில் திருப்பித் தருகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இது டாக்டருக்குப் பதில் அல்ல; துணைதான். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே சிலருக்குக் கலவரம் அதிகமாகும். அப்படியானால் உடனே நிறுத்திவிட வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருத்தி இருக்கிறாளா? "மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். அருகில் உட்காருங்கள். ஆறுதலாகத் தோளில் கை வைப்பதானாலும், "வைக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.