ஒல்லியான கணவரும், டெய்லர் டேப்பும்!

என் கணவருக்கு வயது 42. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். எடை 63 கிலோ தான். கை, கால் எல்லாம் குச்சி. 'புள்ளை இளைச்சுக் கிடக்கான்...' என்று, என் மாமியார் தினமும் சாதத்தில் நெய் ஊற்றுவார். நானும், போதும் என்றாலும் விடாமல் இன்னொரு கரண்டி சாதம் வைப்பேன். வீட்டில், 'குண்டு' என்று பெயர் எடுத்தவள் நான்தான்.

சென்ற ஆண்டு, திடீரென நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தனர். 'பீடி, சிகரெட் கூட கிடையாதே... ஒல்லி உடம்புக்கு இது எப்படி டாக்டர்?' என்று அழுதேன்.

டாக்டர் டேப்பை எடுத்து, அவர் வயிற்றைச் சுற்றி அளந்தார். 37 அங்குலம்! நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., அதாவது, முப்பத்தைந்தரை அங்குலத்தைத் தாண்டக் கூடாதாம். பெண்களுக்கு 80 செ.மீ., முப்பத்தொன்றரை அங்குலம்.

'கொழுப்பு, சும்மா கிடக்கிற மூட்டை இல்லம்மா. சுரப்பி மாதிரி வேலை செய்யும்...' என்று விளக்கினார். 'போதும், சாப்பிடாதே' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனே கொழுப்பில் இருந்துதான் வருகிறதாம். 1994ல், அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கின்றனர். கொழுப்பு அதிகமாகிவிட்டால், எத்தனை சொன்னாலும் மூளை காதில் வாங்காதாம்.

தொடை, பின்புறத்தில் தோலுக்கு அடியில் இருப்பது, பீரோவில் பூட்டிய பணம் மாதிரி. லேசில் வெளியே வராது. குடலைச் சுற்றி இருப்பதோ, சுலபமாகக் கரைந்து, நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடு ஆக்கி ரத்தத்தில் விடுகிறது. நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது. இன்சுலின் வேலை செய்யாமல் மந்தமாகிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் கெடுவது இப்படித்தானாம்.

நம்மவர்களுக்கு, தோலுக்கு அடியில் இடம் குறைவு. மிச்சமெல்லாம் வயிற்றுக்குள் போகிறது என்றவர், ஒரு விஷயம் சொன்னார். புனே டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் யட்கினும், 2004ல், 'லான்செட்' மருத்துவ இதழில், தங்கள் போட்டோவையே போட்டார்களாம். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் 22.3 தான். ஆனால், உடம்பில் கொழுப்பு, லண்டன்காரருக்கு, 9.1 சதவீதம், நம்மவருக்கு, 21.2 சதவீதம்!

'அப்ப நான் தப்பிச்சேனா டாக்டர்?' என்று கேட்டு வைத்தேன். என்னையும் அளந்தார் நர்ஸ். 34 அங்குலம். பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது, காலையில் முக்கால் மணி நேரம் இருவரும் நடக்கிறோம். இரவில் சாதத்தைக் குறைத்து, காயும், சுண்டலும். அவருக்கு, இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது, எனக்கு ஒன்றுதான். தையல் மிஷினில் கிடந்த டேப், இப்போது காலண்டர் ஆணியில் தொங்குகிறது. விலா எலும்புக்கும், இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக் கொண்டு ஏமாற்றுகிறார் மனுஷன்!

மாமியார் நெய் ஜாடியைத் தொடுவதில்லை. 'நானே எம் புள்ளைக்கு...' என்று ஒருநாள் கண் கலங்கினார். 'கரண்டி பிடிச்சது நானும்தானே அத்தை...' என்றேன்.

— ஒரு வாசகி, மணப்பாறை.