'டி.என்.' என்று பெயர் பெற்ற கிருமி



கடலூர் பக்கமிருந்தோ சிதம்பரத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்தோ, தொழுநோய்க்கு முழுச் சிகிச்சை முடித்துச் சென்ற ஒருவர் சில ஆண்டுகள் கழித்து உணர்ச்சியற்ற புதுத் தேமலோடு திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன் நிற்கும் கேள்வி இதுதான்: ரிஃபாம்பிசின் மாத்திரை இவருடைய கிருமியை இன்னும் கொல்லுமா?

மற்றக் கிருமிகளில் பலவற்றை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்து, மருந்தை இட்டுப் பார்த்துவிடலாம். தொழுநோய்க் கிருமி அப்படி வளராது. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்தார். இன்றுவரை தட்டில் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்தில் செலுத்திக் காத்திருக்க வேண்டும். அது ஒருமுறை இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்; பதில் வரப் பல மாதங்கள். நோயாளியின் விரல்கள் அவ்வளவு நாள் பொறுக்குமா?

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது மரபணுத் தகவல் வங்கி. உயிர்களின் மரபணுத் தொகுதிகளை நான்கே எழுத்துக்களாகப் படித்து, யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் அது. தொழுநோய்க் கிருமியின் தொகுதி 2001 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து ஸ்டீவர்ட் கோல் குழுவினரும் இங்கிலாந்தின் சாங்கர் மையத்தினரும் செய்த வேலை. மொத்தம் 32,68,203 எழுத்துக்கள். அந்தக் கிருமியின் பெயர் 'டி.என்.'. ஆம், நம் தமிழ்நாடுதான்! இங்குள்ள ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, ஆர்மடில்லோ என்ற விலங்கில் வளர்த்த கிருமி அது.

தட்டில் வளராத காரணமும் ஓரளவு விளங்கிற்று. செயல்படும் மரபணுக்கள் சுமார் 1,600தான். பழுதாகிப்போனவை 1,100-க்கு மேல். அதன் உறவான காசநோய்க் கிருமிக்கோ ஏறக்குறைய 4,000 உண்டு. இத்தனையை இழந்தது தனித்து வாழ்வது எப்படி?

இப்போது தேமலில் சிறு துணுக்கு எடுத்து, ரிஃபாம்பிசின் தாக்கும் 'ஆர்.பி.ஓ.பி.' மரபணுவின் பகுதியை மட்டும் பெருக்கிப் படித்து, வங்கியிலுள்ள எழுத்துக்களோடு ஒத்துப் பார்க்கிறார்கள். குறிப்பிட்ட இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே மருந்து பலிக்காமல் போகலாம். பிரேசில் நோயாளிக்கும் நம்மூர்க் கிருமியே அளவுகோல். 2009-ல் நான்கு நாட்டுக் கிருமிகளை ஒப்பிட்டபோது 99.995 சதவீதம் ஒன்றாகவே இருந்தன.

இந்தச் சோதனைக்கு வேண்டிய கருவிகள் சிறிய ஆஸ்பத்திரிகளில் இருப்பதில்லை. வேலூரை அடுத்த கரிகிரி போன்ற இடங்களில் இவ்வாய்வு நடந்து வந்திருக்கிறது. ஆனால் துணுக்கை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிட்டால் ஐஸ் பெட்டிகூட வேண்டியதில்லை. நோயாளி ஊரிலேயே இருக்க, சிறு குப்பி மட்டும் பயணம் போனால் போதும்.